அம்மாவுக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர்: மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

கேள்வி

என் தாயாருக்கு இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உள்ளது. வீட்டுக்குள் கைத்தடியை ஊன்றி நடந்துவிடுகிறார். வெளியே சென்றால் சிறிது தூரத்திலேயே உட்கார இடம் தேடுகிறார். ஆகவே பேட்டரியில் ஓடும் மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். விற்பனையாளர்கள் தரும் விவரத்தாள்களில் வேகமும், ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரமும்தான் பெரிய எழுத்தில் இருக்கின்றன. மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்திலும் திரும்பும் என்கிறார்கள். நான்கு சக்கர வண்டி கவிழவே கவிழாது என்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது? வண்டியைக் காரின் டிக்கியில் ஏற்றிச் செல்லவும் வேண்டியிருக்கும். அம்மாவுக்குக் கட்டைவிரல்களிலும் வலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1

போகிறபோக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அந்தக் கட்டைவிரல் வலியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கைப்பிடிக்கு அருகே ஒரு லீவர் இருக்கும். அதை ஒரு பக்கம் அழுத்தினால் வண்டி முன்னே செல்லும், மறுபக்கம் அழுத்தினால் பின்னே வரும். வண்டி ஓடும் நேரம் முழுவதும் அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் மோட்டார் வேகத்தைக் குறைத்து, மின்காந்த பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். கட்டைவிரல் வலியுள்ளவருக்கு இது சிறிது நேரத்திலேயே வேதனையாகிவிடும். கைப்பிடி வளையம் போல மூடியிருக்கும் ‘டெல்டா’ வகையில், கட்டைவிரலால் தள்ளுவதற்குப் பதிலாக மற்ற விரல்களால் இழுத்தே ஓட்டலாம். அதைத்தான் அம்மாவுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எதிரே திடீரென்று ஒருவர் குறுக்கிட்டால், பயந்துபோனவர் கையில் இருப்பதை இறுகப் பற்றுவதுதான் இயல்பு. இந்த வண்டியில் இறுகப் பற்றினால் லீவரும் சேர்ந்து அழுந்தி, வண்டி நிற்காமல் முன்னே பாயும். ஆகவே வேகக் கட்டுப்பாட்டுத் திருகை மிகக் குறைந்த அளவில் வைத்து, ஆளில்லாத சமதரையில், “நிறுத்த வேண்டுமானால் கையை விடு” என்பது பழக்கமாகும் வரை ஓட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகே கூட்டமுள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சக்கரங்களைப் பொறுத்தவரை, மூன்று சக்கர வண்டியில் கால் நீட்ட இடம் அதிகம், திரும்பத் தேவையான வட்டமும் சிறிது. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பினாலும், பக்கவாட்டில் சரிந்த தரையில் சென்றாலும் சாயும் வாய்ப்பு கூடுதல். நான்கு சக்கர வண்டி வெளியே ஓட்டுவதற்கு உறுதியானது என்பது உண்மைதான். ஆனால் “கவிழவே கவிழாது” என்பது விற்பனைப் பேச்சு. நடைபாதை விளிம்பில் சாய்வாக ஏற்றினால் அதுவும் கவிழும். விளிம்பை நேருக்கு நேராகவே அணுக வேண்டும். அதுவும் அந்த வண்டி எத்தனை உயரம் ஏறும் என்று கையேட்டில் பார்த்த பிறகுதான்.

பதில் 2

டிக்கியில் ஏற்றுவது பற்றி மட்டும் சொல்கிறேன். பிரித்து எடுத்துச் செல்லும் வண்டிகளில் மொத்த எடையைக் கேட்காதீர்கள். பிரித்த பாகங்களில் மிகக் கனமானது எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது மோட்டார் உள்ள பின்பகுதியாக இருக்கும். அதை யார் தூக்கப்போகிறாரோ அவரே உங்கள் காரில் ஒருமுறை தூக்கி வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம். முழங்கால் வலியுள்ளவருக்குத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது பெரும்பாடு என்பதால், இருக்கை உயரத்தைக் கூட்ட முடிகிறதா, பக்கவாட்டில் திரும்பிப் பூட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். இறங்கும்போது சாவியை அணைத்துவிட வேண்டும். எழுகிறவர் கைப்பிடியில் ஊன்றும்போது கை லீவரில் பட்டால் வண்டி நகர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வாசலில் ஒரு சரிவுப் பாதை இருக்கிறது, அதில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். மேலும், லித்தியம் பேட்டரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா?

பதில் 3

சரிவுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் வண்டியை மாற்றுவதைவிடச் சரிவை மாற்றுவது நல்லது. ஏறும்போது உடலைச் சற்று முன்னே சாய்த்து நேராக ஏற வேண்டும். நடுச்சரிவில் திருப்பக் கூடாது. வண்டியைக் கையால் தள்ளிச் செல்வதற்கென்று மோட்டாரை விடுவிக்கும் லீவர் ஒன்று இருக்கும். அதை விடுவித்துவிட்டால் மின்காந்த பிரேக் வேலை செய்யாது என்பதால், சரிவில் அதைத் தொடவே கூடாது. உதவிக்கு வரும் அக்கம்பக்கத்தார் நல்ல எண்ணத்தோடு அதைத் திருப்பிவிடக்கூடும். அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பேட்டரியில், இரண்டு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளை இணைத்து 24 வோல்ட்டாகப் பயன்படுத்துவதே வழக்கம். சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் இவை கெட்டுப்போகும். ஓட்டிய அன்றே சார்ஜ் செய்வதும், ஓட்டாமல் வைத்திருக்கும் நாட்களில் கையேட்டில் சொன்னபடி சார்ஜ் ஏற்றுவதும் அவசியம். லித்தியம் எடை குறைவு. அடிக்கடி தூக்க வேண்டியவருக்கு அந்தக் கூடுதல் பணம் தகும், வீட்டிலிருந்தே ஓட்டிச் செல்பவருக்கு அத்தனை தேவையில்லை. விமானப் பயணம் உண்டென்றால், கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரி ஒன்றுக்கு 300 வாட்-மணி (Wh) என்ற வரம்பு இருப்பதால், வாங்கும்போதே அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். விவரத்தாளில் உள்ள தூரம் சமதரையில், சாதகமான சூழலில் கணக்கிட்டது. மேடும், ஓட்டுபவரின் எடையும், பழையதாகிவிட்ட பேட்டரியும் அதைக் குறைத்துவிடும். திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பதில் 4

மற்றவர்கள் சொன்னதோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. ஸ்கூட்டரை ஓட்ட நிமிர்ந்து உட்காரும் வலுவும், கைகளை முன்னே நீட்டித் திருப்பும் தெம்பும், ஏறி இறங்கும் திறனும், தெளிவான பார்வையும் வேண்டும். கை மூட்டுகளும் வலிக்கத் தொடங்கியிருப்பதால், ஒரு விரல் அசைவில் ஜாய்ஸ்டிக்கால் ஓடும் மின் சக்கர நாற்காலியையும் அம்மா ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். இயன்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் சிகிச்சையாளர்) ஒருவர் உடனிருக்கும்போது இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சக்கரங்களின் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்கலாம்.