லாந்தனமா, லுட்டீசியமா? 3ஆம் தொகுதியில் உதவி தேவை

வணக்கம். தனிம வரிசை அட்டவணையை எஸ், பி, டி, எஃப் பிளாக்குகளாக (எலக்ட்ரான்கள் நிரம்பும் ஆர்பிட்டாலின், அதாவது அணுவில் அவை இருக்கும் பகுதியின், வகையை வைத்த பிரிவுகள்) நிறம் பிரித்து வரைந்துகொண்டிருக்கிறேன். ஹீலியம் சரி, இருக்கும் இடம் 18ஆம் தொகுதி என்றாலும் எஸ் பிளாக்தான். சிக்கல் 3ஆம் தொகுதியில். ஸ்காண்டியம், இட்ரியம், அப்புறம் யார்? சில அட்டவணைகளில் லாந்தனம், சிலவற்றில் லுட்டீசியம். இன்னும் சிலவற்றில் கட்டத்தைக் காலியாக விட்டு லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15 தனிமங்களையும் கீழே இறக்கிவிடுகிறார்கள். எஃப் ஆர்பிட்டால்கள் கொள்வதே 14 எலக்ட்ரான்கள்தானே, எஃப் பிளாக்கின் ஒரு வரிசையில் 15 தனிமங்கள் எப்படி வரும்!

லாந்தனத்தில் 4எஃப் எலக்ட்ரானே இல்லை என்பதால் அதை எஃப் பிளாக்கில் வைக்கத் தயக்கம். ஆனால் தோரியத்திலும் 5எஃப் எலக்ட்ரான் கிடையாது, அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. 2021இல் ஐயுபிஏசி (சர்வதேச வேதியியல் அமைப்பு) குழுவின் இடைக்கால அறிக்கையும் லுட்டீசியம் பக்கமே சாய்ந்தது.

வேதியியல் நடத்துபவர்கள் சொல்லுங்கள்: வகுப்பில் எந்த அட்டவணையைக் காட்டுகிறீர்கள்? லாந்தனத்தை எஃப் பிளாக்கில் வைத்தால், மாணவர்களுக்குக் காரணம் என்ன சொல்வீர்கள்?