மேலே இருந்து வந்த சத்தம், மேலே இருந்து விழுந்த சாமான்: நம்ம பக்கம் யாருக்கு என்ன நடந்தது?

கன்றுக்குட்டி, பாலக்கோடு

போன வாரம் மதியம் அந்தச் சத்தம் கேட்டீர்களா? தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். ஒரே டமார், அவ்வளவுதான். சத்தத்தைக்கூட மறந்துவிட்டேன். கிணற்றுமேட்டில் கட்டியிருந்த கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, வாழைக்கு நடுவில் போய் நின்றது. கால் மணி நேரம் கழித்துக் கை வைத்தபோதும் அதன் தோல் துடித்துக்கொண்டே இருந்தது. "ஸ்ரீஹரிகோட்டாவில் விடுற ராக்கெட்டு நம்ம தலைக்கு மேலேதான் போகுதாடா? எதாச்சும் கழண்டு விழுந்தா?" என்று அப்பா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கம்ப்ரசர், பர்கூர்

பதினெட்டு வருஷம் கருங்கல் குவாரியில் இருந்தவன் சொல்கிறேன். குவாரி வெடி முதலில் உள்ளங்காலுக்குத் தெரியும், அப்புறம்தான் காதுக்கு. அன்றைக்குக் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூரைத் தகரம்தான் அதிர்ந்தது. அது போர் விமானம். 2020 மே 20 அன்று பெங்களூர் முழுக்க இதே சத்தம் கேட்டு, நிலநடுக்கம் என்று ஜனங்கள் வெளியே ஓடினார்கள். ஒலி வேகத்துக்கு மேல் பறந்த விமானப்படைச் சோதனை விமானம் என்று பிறகு தெரிந்தது. எதற்கெடுத்தாலும் வானத்தைக் கை காட்டுவது நமக்குப் பழக்கம். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் டிரைவர் இறந்தபோது விண்கல் என்றார்கள். படங்களைப் பார்த்த நாசா ஆட்கள், தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்தப் படத்தில் இருந்த குழியைப் பார்த்ததும் எங்கள் மேஸ்திரி சொன்னதை இங்கே எழுத முடியாது.

ராகிக்கொல்லை, அஞ்செட்டி

எங்கள் கொல்லையில் நிஜமாகவே விழுந்தது. விடியற்காலையில் ஆயா போய்ப் பார்த்தால், ராகிப் பயிர் மேல் கிழிந்த பலூன், நீளமாக வெள்ளைக் கயிறு, அதன் முனையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் மினுக் மினுக்கென்று ஒரு லைட். நான் போய்ச் சேர்வதற்குள் ஆயா கையில் கதிர் அரிவாளோடு காவல் நிற்கிறது. யாரையும் கிட்ட விடவில்லை. காரணம் 1979. அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது, எப்படியும் சாகத்தான் போகிறோம் என்று ஆயாவின் அப்பா வீட்டுக் கோழிகளை எல்லாம் அடித்துக் குழம்பு வைத்துவிட்டாராம். அது போய் ஆஸ்திரேலியாவில் விழுந்தது. வைக்கோல்போரில் ஒளிந்திருந்த ஒரே ஒரு கோழி மறுநாள் வெளியே வந்ததாம். "அப்பவும் கவர்மெண்டுதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுச்சு" என்பது ஆயாவின் வாதம். ஒண்ணும் ஆகவில்லையே ஆயா என்றால் கோழிக்கணக்கு சொல்லும். போலீஸ் வந்து, வானிலை ஆய்வு பலூன் என்று சொல்லிப் பெட்டியை எடுத்துப்போனார்கள்.

ரிக் வண்டி, ஊத்தங்கரை

2022 ஏப்ரல் 2. மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தோம். ராத்திரி எட்டு மணிகூட ஆகவில்லை. வானத்தில் நெருப்புக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, கூட்டமாக, மெதுவாகப் போகின்றன. டிரில்லர் அண்ணன் கம்ப்ரசரை நிறுத்தினார். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு பெரிய நெருப்பு போகிறது, துளி சத்தம் இல்லை. அந்தக் கோடு அப்படியே நீண்டால் ஊத்தங்கரை வருமா என்றுதான் எனக்கு ஓடியது. மொட்டை மாடியில் புளி காய வைத்துவிட்டு என் பொண்ணு அங்கேயேதான் படுக்கும்.

சிந்தேவாகி தாலுகாவில் ஒரு ஊரில் பெரிய இரும்பு வளையம் விழுந்திருந்தது. மூன்று மீட்டர் அகலம் இருக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டை மாதிரி, ஆனால் வண்டியே உள்ளே போகும். சீன ராக்கெட்டாம். தொட்டுப் பார்த்தேன். விஷ எரிபொருள் இருக்கும், கையைக் கழுவு என்று ஓனர் போனில் கத்தினார். இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மாங்கூழ், காவேரிப்பட்டணம்

ரிக் அண்ணா, அது லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாவது அடுக்கு என்று கணித்தார்கள். அதில் எரிவது திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். ஓனர் சொன்ன விஷம், ஹைட்ரசீன் வகை, அதன் கீழ் அடுக்குகளில் உண்டு. சீனாவில் ஷிச்சாங் ஏவுதளம் நிலத்துக்கு நடுவில் இருப்பதால் அந்த அடுக்குகள் கிராமங்கள் பக்கம் விழுகின்றன. 1996 பிப்ரவரியில் அங்கே முழு ராக்கெட்டே சாய்ந்து ஊர்மேல் விழுந்தது. அரசுக் கணக்கில் 6 பேர் இறந்தார்கள்.

பாலக்கோடு தம்பி, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: ஸ்ரீஹரிகோட்டாவில் விடுவது கடல் பக்கம் போகிறது. கிழக்கே வங்காள விரிகுடா இருப்பதால்தான் அந்தத் தீவையே பிடித்தார்கள். தெற்கே போக வேண்டிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்கூட இலங்கைக்கு மேல் போகாமல் வளைந்து போகிறது. அந்த வளைவில் எரிபொருள் வீண், தூக்கும் எடையும் குறைகிறது. குலசேகரன்பட்டினத்தில் புதுத் தளம் கட்டுவதற்கு இது பெரிய காரணம். ஆனால் பூமியைச் சுற்றிக்கொண்டே தங்கிவிட்ட துண்டுக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. சந்திரபூரில் விழுந்தது தர்மபுரியிலும் விழலாம்.

விழுந்தால் என்ன செய்வது, கேளுங்கள்: தொடாதீர்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள், போட்டோ எடுங்கள், 112க்குச் சொல்லுங்கள், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். சேதம் ஆனால் 1972 சர்வதேச விண்வெளி ஒப்பந்தப்படி ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். கனடாவில் சோவியத் செயற்கைக்கோள் விழுந்ததற்கு 30 லட்சம் கனடா டாலர் கொடுத்தார்கள். அதனால் கன்றுக்குட்டியைத் தேதியோடு போட்டோ எடுத்து, கால்நடை டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, கவிழ்ந்த தொட்டியையும் சேர்த்து...

கம்ப்ரசர், பர்கூர்

அது விமானம் என்று மேலே எழுதியிருக்கிறேன். கன்றுக்குட்டிக்கு எந்த நாட்டிடம் இழப்பீடு கேட்பது?

பஸ் ஸ்டாண்டு, அரூர்

என் மாமனார் பல்லில் எல்லாம் பழுப்புக்கோடு, இடுப்பு வளையாது. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. அது கீழே இருந்து வந்தது, சத்தம் போடாமல். அதற்கு எந்த ஒப்பந்தம் என்று மாங்கூழ் சொன்னால் தேவலை.

கன்றுக்குட்டி, பாலக்கோடு

நான் கேட்டது அப்பாவுக்காக. கடல் பக்கம் என்று சொன்னேன், சரி என்றார். கன்றைமட்டும் கிணற்றுமேட்டிலிருந்து அவிழ்த்துத் திண்ணைக்குப் பக்கத்தில் கட்டிவிட்டார்.

ராகிக்கொல்லை, அஞ்செட்டி

தொடாதீர்கள் என்று மாங்கூழ் எழுதியதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். பெட்டியைத்தானே போலீஸ் கேட்டார்கள். அந்த வெள்ளைக் கயிற்றில் எங்கள் வீட்டு அவரைப் பந்தல் நிற்கிறது. இந்த வருஷம் நல்ல காய்ப்பு.