கரண்ட் போனால் காலநிலை மொடலும் போகிறது

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக் கணினியின் ஓய்வு நேர வலுவை ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் பொயிங்க் (BOINC) மென்பொருளைப் போட்டு, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 2003இல் தொடங்கிய கிளைமேட்பிரிடிக்சன் திட்டத்துக்குக் காலநிலை மொடல் ஓட்டுகிறேன். திட்டம் அனுப்பும் ஒரு வேலை முடிய ஒன்பது, பத்து நாள் எடுக்கும். நடுவில் கரண்ட் போய் வந்தால் ‘கணிப்புப் பிழை’ என்று அப்படியே செத்துவிடுகிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மூன்று போய்விட்டன. கடைசியாகப் போனது 88 வீதத்தில். அன்று சோறு இறங்கவில்லை.

கணினி நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரெம், வின்டோஸ் 10, பழைய ஹார்ட் டிஸ்க். நானே பொயிங்க்கை மூடி அணைத்தால் விட்ட இடத்திலிருந்து ஒழுங்காகத் தொடர்கிறது.

புரோசசரின் நான்கு கோரில் இரண்டை மட்டும் பொயிங்க்குக்குக் கொடுத்துப் பார்த்தேன். ரெம்மை இரவு முழுக்கச் சோதித்தேன், பிழை இல்லை. அன்டிவைரஸிலும் அதற்கு விலக்குக் கொடுத்தாயிற்று. விசிறியைக் கழற்றினால் கடற்காற்றின் உப்பும் தூசியும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பிக் கிடந்தது. துடைத்ததும் சூடு 85இலிருந்து 68 பாகைக்கு இறங்கியது, பிழை மட்டும் போகவில்லை. யூபிஎஸ் ஐந்து நிமிடம்தான் தாங்கும். அந்நேரம் நான் வேலைக்குப் போயிருந்தால் அதுவும் வீண்.

பொயிங்க்கின் தரவுக் கோப்புறையை நாளுக்கொரு தடவை நகலெடுத்து வைத்து, பிழை விழுந்த வேலையை அதிலிருந்து மீட்டுத் தொடர்ந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஒழுங்கில் செய்தீர்கள்?