வருஷம் பாதியில ஸ்கூல் மாத்தணும், டிசி தர மாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?

பனியன்காரர்_சம்சாரம்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க திருப்பூர்ல இருக்கோம், வீட்டுக்காரருக்கு கம்பெனில ஆர்டர் இல்லாம வேலை கம்மியாயிருச்சு, அதனால சொந்த ஊரு உசிலம்பட்டி பக்கமே போயிரலாம்னு முடிவு பண்ணிட்டோம். பொண்ணு எட்டாவது இங்கிலீஷ் மீடியம், பையன் நாலாவது, ரெண்டு பேரும் இங்க வேற வேற கவர்மெண்ட் ஸ்கூல். பையன் ஸ்கூல்ல டீச்சர் நல்லவங்க, கேட்டதும் டிசி தரேன்னுட்டாங்க. பொண்ணு ஸ்கூல்ல ஹெச்எம் அரையாண்டு முடியட்டும், பாதியில எடுத்தா தரமுடியாதுன்னு சொல்றாரு. ஊர்ல போய் கேட்டா டிசி இல்லாம எப்படிம்மா சேக்கறதுன்னு அவங்க கேக்கறாங்க. வீட்ட வேற காலி பண்ணணும்.

இன்னொன்னு, ஊர்ல வீட்டுக்குப் பக்கத்துல ஒரு எய்டட் ஸ்கூல் (அரசு உதவிபெறும் தனியார் பள்ளி) இருக்கு, கொஞ்சம் தள்ளி கள்ளர் ஸ்கூல் இருக்கு. எய்டட்ல சேத்தா கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச சலுகை எல்லாம் கிடைக்குமா? பொண்ணுக்கு டாக்டர் ஆசை, அதான் கேக்கறேன்.

உசிலை_வாசி:
கள்ளர் ஸ்கூலும், அதாவது கள்ளர் சீரமைப்புப் பள்ளியும், கவர்மெண்ட் ஸ்கூல்தான்க்கா, பேர பாத்து பயப்படாதீங்க, எல்லா சாதிப் புள்ளைங்களும் படிக்குதுங்க. எங்க வீட்டுலயே ரெண்டு பேரு அங்கதான் படிச்சாங்க. எட்டாவதுக்கு இங்கிலீஷ் மீடியம் இருக்கான்னு மட்டும் முதல்ல நேர்ல போய் கேளுங்க, எல்லா ஸ்கூல்லயும் இருக்காது.

சாக்பீஸ்_சார்:
நான் அரசுப் பள்ளி வாத்தியார்தான், தெரிஞ்சத சொல்றேன் சிஸ்டர். கல்வி உரிமைச் சட்டம் 2009ல 5வது பிரிவு இருக்கு. எட்டாவது வரைக்கும் பிள்ளை வேற அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறலாம், கேட்ட உடனே ஹெச்எம் டிசி தந்தாகணும். அரையாண்டு முடியணும்னு அதுல எங்கயும் கிடையாது. அத விட முக்கியம், டிசி வர லேட் ஆகுதுன்னு புது ஸ்கூல்ல சேக்காம இருக்கவும் கூடாது. ரெண்டு பக்கமும் உங்கள அலைய விடுறாங்க, அவ்வளவுதான்.

சில ஹெச்எம்முங்க தயங்கறது எண்ணிக்கை குறைஞ்சா போஸ்ட் போயிடும்ங்கற பயத்துல. ஆனா ஸ்டாஃப் பிக்ஸேஷன், அதாவது எத்தன வாத்தியார் வேணும்ங்கற கணக்கு, ஆகஸ்ட் 1 அன்னைக்கு இருக்கற பிள்ளைங்க எண்ணிக்கைய வச்சுத்தான் பாக்கறாங்க, இப்போ ஒரு பிள்ளை போறதால அவருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, அத நாசூக்கா சொல்லிப் பாருங்க.

வாயால கேக்காதீங்க. ஒரு வெள்ளைத்தாள்ல வீடு மாறுறோம், டிசி வேணும்னு எழுதி குடுத்து, நகல்ல கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கோங்க, முக்கால்வாசி பேரு அந்தக் கையெழுத்து கேட்டாலே டிசி போட்டுருவாங்க. நகராதுன்னா சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபிஸ்ல மனு குடுங்க, இல்லன்னா 14417க்கு போன் பண்ணுங்க, அது கல்வித்துறை ஹெல்ப்லைன்தான்.

டிசி பேப்பர் கையில வந்தா மட்டும் போதாது, எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) பொண்ணு பேர காமன் பூலுக்கு, அதாவது ஸ்கூல் மாறுற பிள்ளைங்களோட பொதுப் பட்டியலுக்கு, அனுப்பிட்டாங்களான்னு கேட்டுட்டு கிளம்புங்க. அங்கருந்துதான் புது ஸ்கூல்ல எடுத்துக்க முடியும். அத பண்ணாம விட்டா அந்தப் பக்கம் உங்கள திருப்பூருக்கு திருப்பி அனுப்புவாங்க, நிறைய பேரு இதுலதான் மாட்டுறாங்க. எமிஸ் நம்பர், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல் எடுத்துக்கோங்க. புத்தகத்த திருப்பித் தராதீங்க, தமிழ்நாடு பூரா அதே புத்தகம்தான்.

பனியன்காரர்_சம்சாரம்:
ரொம்ப நன்றிங்க சார். எய்டட் பத்தி சொல்லலையே? அது நடந்தே போற தூரம், பொண்ண பஸ்ல தனியா அனுப்ப வீட்டுக்காரர் யோசிக்கறாரு.

கோமதி_மதுரை:
நான் சொல்றேன் பா, என் பொண்ணுக்காக இத எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். மெடிக்கல் சீட்டுல இருக்கற 7.5 சதவீத இடஒதுக்கீடு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை அரசுப் பள்ளில படிச்சவங்களுக்குத்தான், எய்டட் அதுல வராது. மாநகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் பள்ளி எல்லாம் வரும். 2021ல இருந்து இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, லா இதுக்கும் அதே 7.5 இருக்கு. காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசா மாசம் குடுக்கற புதுமைப் பெண் ஆயிரம் ரூபா இருக்கே, அத 2024-25ல எய்டட்டுக்கும் குடுத்தாங்க, ஆனா எய்டட்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கு மட்டும். உங்க பொண்ணு இங்கிலீஷ் மீடியம்னா எய்டட் போனா அதுவும் இல்ல. டாக்டர் ஆசை நிஜம்னா பஸ் பாஸ் வாங்கி கள்ளர் ஸ்கூலுக்கே அனுப்புங்க. தனியா போகுமான்னு யோசிக்கறது அப்பாங்களுக்கு எப்பவும் இருக்கறதுதான், அந்த வழியில போற மத்த பொண்ணுங்களோட சேத்து விடுங்க.

உசிலை_வாசி:
அந்த பஸ்ல காலைல பாதிக்கு மேல ஸ்கூல் புள்ளைங்கதான்க்கா இருக்கும், அண்ணன ஒரு நாள் கூட வந்து பாக்கச் சொல்லுங்க.

பனியன்காரர்_சம்சாரம்:
இன்னைக்கு லெட்டர் எழுதிட்டுப் போனேங்க. நகல்ல கையெழுத்து கேட்டதும் ஹெச்எம் ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம் கிளார்க்க கூப்ட்டு திங்கக்கிழமை டிசி போட்டுக் குடுங்கன்னாரு. காமன் பூல் பத்தியும் கேட்டேன், அது உங்களுக்கு யாரும்மா சொன்னதுன்னு கேட்டாங்க 😄 பையன் டிசிய புது ஸ்கூல்ல என்னைக்கு குடுக்கணும், ரெண்டையும் ஒரே நாள்ல சேத்துக்கலாமா சார்?

சாக்பீஸ்_சார்:
கைல இருக்கறத முதல்ல சேத்துருங்க, பையன் அக்காவுக்காக வீட்ல உக்கார வேணாம், அட்டெண்டன்ஸ் போகும். நாலாவதுதானே, காலைச் சாப்பாடும் ஸ்கூல்லயே கிடைச்சுரும்.