மறு: வெள்ள நிவாரண நிதி, வீட்டுக்கு 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்)

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பொருளாளர் அண்ணன் அனுப்பிய கணக்கு காசு வரை சரியாக இருக்கிறது. கோபுரத் திருப்பணிக்கு இப்படியொரு கணக்கு இன்றுவரை வரவில்லை என்பதை அவரும் அறிவார். என் ஆட்சேபம் பட்டியலைப் பற்றியது. வீட்டு நிலப்பட்டாவும் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டையும் காட்டிய 62 வீடுகளுக்கு 18,600 வெள்ளியைச் சமமாகப் பிரிப்பது என்றால், பட்டா இல்லாத பழைய லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், கணக்கிலேயே வராது.

சென்ற வாரம் நம் ஊர் மெந்தகாப் போன என் அக்கா, லயத்தின் கடைசி வீட்டுப் பாட்டியைப் பார்த்து வந்தார். சுவரில் சேற்றுக்கோடு சாமிப் படத்துக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது. நனைந்த மெத்தையை அரிவாளால் அறுத்து, காய்ந்த பாதியில் பாட்டி படுக்கிறார். அதே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர்தான். பிறப்பைப் பதிய ஆளில்லாததால் அவர் கையில் இருப்பது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை. பட்டியலில் ஏழாவதாக உள்ள எங்கள் வீட்டிலோ தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் அரசாங்கம் குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி கொடுத்தபோது, துயர் துடைப்பு மையத்துக்குப் போகாமல் உறவினர் வீட்டில் ஒண்டியவர்கள் நம் ஊரில் எத்தனை நாள் அலைந்தார்கள் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அன்று அரசாங்கத்தைக் குறை சொன்ன நாமே இன்று அதே படிவத்தை நகலெடுத்திருக்கிறோம்.

யாரிடமும் கையேந்தாத ஊர் என்று தண்டல் வீட்டு மாமா பெருமையாக எழுதியிருக்கிறார். 1960இல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் என் தாத்தா பங்கு வாங்கியது கைமாற்றுப் பணத்தில். கொடுத்தவர் அந்தப் பாட்டியின் கணவர். மாமாவின் தகப்பனாருக்கும் அவரே கொடுத்தார் என்று கேள்வி.

எனவே பட்டா கேட்காமல், தண்ணீர் நின்ற உயரத்தையும் வீட்டில் சம்பாதிக்கும் கைகளையும் பார்த்துப் பட்டியலை மீண்டும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டை நீக்கிவிடலாம். தம்பியிடம் பேசிவிட்டேன், அவனுக்குக் கோபம்தான். அடுத்த பருவமழைக்கு முன், கைப்பேசி இல்லாத பாட்டிக்கு யார் போய்ச் சொல்வது, யாருடைய லோரியில் ஏற்றுவது என்பதையும் பெயரோடு எழுதி வையுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடும் எச்சரிக்கை அந்தக் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேராது.

என் பங்கான 500 வெள்ளி தயாராக இருக்கிறது. திருத்திய பட்டியல் வந்த அன்றே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கிராணி வீட்டு இளைய மகள், பெர்த்