மேற்கு பார்த்த ஹாலுக்குக் கறுப்பு ஜன்னல் பிரேம்: கொட்டேஷனில் என்னென்ன எழுதி வாங்கணும்?

பிடோக்வாசி

வணக்கம். சிங்கப்பூர் பிடோக்கில் நான்கு அறை மறுவிற்பனை வீடு, 10வது மாடி, கடல் பக்கம். ஹால் மேற்கு பார்த்தது. பழைய வெள்ளை பிரேம்களை எடுத்துட்டு ஹாலுக்கும் இரண்டு அறைக்கும் மேட் கறுப்பு போட எண்ணம். ஹால் ஜன்னல் 2.4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். மூணு சந்தேகம். கறுப்பு வீட்டைச் சூடாக்குமா? கடல் காத்துக்கு அந்தப் பூச்சு தாங்குமா? சுவர் வெள்ளை, தரை வெளிர் மரநிறம். எடுப்பா இருக்குமா, இல்ல ஹாலையே அடைச்ச மாதிரி ஆயிடுமா? கொட்டேஷனில் "பவுடர் கோட்டிங், கறுப்பு" என்று மட்டும்தான் இருக்கு.

அலுமினியக்காரன்

சிக்கலே அந்த ஒத்தை வரியில்தான் இருக்கு. பவுடர் கோட்டிங்னா தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கிற பூச்சு. கறுப்பில் நூறு கறுப்பு உண்டு.

முதலில் சூடு. மத்தியான வெயிலில் கறுப்பு அலுமினியம் 60 டிகிரியைத் தொடும், கை வெச்சா சுடும். ஆனா உங்க ஜன்னலில் பிரேம் எடுத்துக்கிற இடம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல போகாது. மீதி எல்லாம் கண்ணாடி. சாதாரண 6 மிமீ கண்ணாடி, மேலே விழுற வெயில் சூட்டில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விட்டுடும். அதனால பிரேமை வெள்ளையாக்கி மிச்சம் பிடிக்கிறதைவிட, அதே காசைச் சூடு தடுக்கும் பூச்சு உள்ள லேமினேட்டட் கண்ணாடியில் (நடுவில் பிலிம் வெச்சு ஒட்டின இரட்டைக் கண்ணாடி) போடுங்க. அடர்நிறக் கண்ணாடி வேண்டாம். கறுப்பு பிரேமோடு அது சேர்ந்தா வெளியிலிருந்து பார்க்க ஓட்டை மாதிரி இருக்கும், உள்ளேயும் பகலிலேயே விளக்கு போட வேண்டி வரும். சாதாக் கண்ணாடி மேல் அடர் பிலிம் ஒட்டுறதும் ஆபத்து. நடுப்பகுதி சூடேறி, பிரேமுக்குள் மறைஞ்ச ஓரம் குளிர்ச்சியா நின்னா, விளிம்பிலிருந்து விரிசல் ஓடும்.

இனி பூச்சு. கொட்டேஷனில் இவ்வளவும் வரணும்: ரால் (RAL) நிறப் பட்டியல் எண் (ரால் 9005 சுத்தக் கறுப்பு, ரால் 7021 கறுப்புச் சாம்பல்), பூச்சுத் தடிமன் 60 முதல் 80 மைக்ரான், தர வகை குவாலிகோட் (Qualicoat, ஐரோப்பியத் தரம்) கிளாஸ் 2 அல்லது ஆமா (AAMA, அமெரிக்கத் தரம்) 2604. இந்த வகைகளுக்கு வித்தியாசம், ஃபுளோரிடா வெயிலில் மாதிரித் தகடுகளை எத்தனை வருஷம் காய வைக்கிறாங்க என்பதுதான். கிளாஸ் 1க்கு ஒரு வருஷம், கிளாஸ் 2க்கு மூணு, ஆமா 2604க்கு ஐந்து. மலிவான பூச்சு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். வெள்ளையில் அது கண்ணுக்குத் தெரியாது, கறுப்பில் அப்படியே சாம்பலாத் தெரியும்.

கடல் காத்து பூச்சை நடுவில் தொடாது, வெட்டுவாயில் தொடும். 6 மீட்டர் நீளத்துக்குப் பூசி வந்த கம்பியைத்தான் பட்டறையில் வெட்டுறாங்க. மூலைகளிலும் திருகு துளைகளிலும் அலுமினியம் அம்மணமா நிக்கும். உப்பு அங்கே நுழைஞ்சு பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி கொப்புளம் கிளப்பும். மூலை ஒட்டும்போது வெட்டுவாய்க்கு சீலர் தடவணும்னு எழுத்தில் வாங்குங்க. கீல், திருகு, பூட்டு எல்லாம் கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 போதும்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

வெளிச்சம்_பார்

சூட்டைவிடக் கண்கூச்சம்தான் கறுப்பு பிரேமோட உண்மையான தொல்லை, அதை யாரும் சொல்றதில்லை. வெளியே பளீர்னு வானம், பக்கத்திலேயே கறுப்புக் கோடு, அதை ஒட்டி நிழலான சுவர். கண்ணுக்கு இந்தத் தாவல் வலிக்கும். வெள்ளை பிரேமில் இடையில் ஒரு சாய்வு கிடைக்கும், கறுப்பில் கிடைக்காது. தீர்வு சுலபம்: ஜன்னலைச் சுத்தி இருக்கிற சுவரோட உள்பக்கக் கன்னத்தை, அதாவது சுவர்த் தடிமன் தெரியுற பக்கத்தை, வெள்ளையாவே விடுங்க. கறுப்போட பொருந்தட்டும்னு அதையும் சாம்பலாக்குறாங்க பாருங்க, அதுதான் தப்பு. மெல்லிய வெள்ளைப் பகல் திரை ஒண்ணும் கட்டாயம். மேற்கு ஹாலில் 4 மணிக்கு மேல அது இல்லாம உட்கார முடியாது.

ஹால் அடைஞ்சு தெரியுமான்னா, அது கோடுகளோட எண்ணிக்கையைப் பொறுத்தது. 2.4 மீட்டரை நாலாப் பிரிச்சா சிறைக்கம்பி. இரண்டாவோ மூணாவோ பிரிச்சா படச்சட்டம். வெளியே மரம் தெரிஞ்சா கறுப்பு பச்சையில் கரைஞ்சுடும், எதிர் பிளாக் தெரிஞ்சா கோடு துருத்தும். கண்ணாடி மேல ஒட்டுற போலிக் குறுக்குச்சட்டம் வேண்டவே வேண்டாம், மேற்கு வெயிலில் பசை இளகிக் கோணலாகும். கிரில் வேணும்னா நைலான் உறை போட்ட மெல்லிய கம்பிக் கிரில் போடுங்க. கறுப்பு பிரேமுக்குப் பின்னால இன்னொரு கறுப்புக் கம்பிவேலி எதுக்கு? குழந்தை இருந்தா கம்பி இடைவெளி 100 மிமீக்குள்ள இருக்கட்டும், இழுவை தளராமல் அப்பப்போ பார்க்கணும்.

திரைக்கம்பி, கைப்பிடி, மின்விசிறி எல்லாத்தையும் கறுப்பாக்கத் தேவையில்லை. ஆக்கினா பளபளப்பு ஒண்ணா இருக்கட்டும். பளபளப்பே இல்லாத மேட் ஒரு கறுப்பு, லேசா மினுங்குற சாட்டின் வேறொரு கறுப்பு. பக்கத்தில் வெச்சா பிழை மாதிரித்தான் தெரியும்.

தூசி_விரோதி

மேட் விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுறேன். ரொம்ப மேட்டான பூச்சைத் தேய்க்கத் தேய்க்க அந்த இடம் மட்டும் பளபளக்கும். கை படுற பூட்டுப் பக்கம் முதலில் அப்படி ஆகும். சாட்டின் எடுங்க, தூரத்துக்கு மேட் மாதிரியே இருக்கும்.

கறுப்பு அழுக்கை மறைக்கும்னு நினைக்காதீங்க. தூசியும் உப்பும் வெள்ளைப் புள்ளியாத் தெரியும். இரவெல்லாம் ஏர்கான் ஓடினா கண்ணாடியோட வெளிப்பக்கம் வியர்த்துக் கீழ்ச்சட்டத்தில் சொட்டி, அங்கே வரி வரியாக் காயும். மாசத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணி, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி, மிருதுவான துணி போதும். பிளீச், அமிலம், சுரண்டும் ஸ்பாஞ்ச் கூடாது.

இன்னொண்ணு: புதுப்பிப்பு வேலையில் சிமெண்ட் தெறிச்சா உடனே துடைக்கச் சொல்லுங்க. அதோட காரம் பூச்சில் கறை பதிச்சிடும். காப்புப் பிளாஸ்டிக்கை வெயிலில் மாசக்கணக்கா விட்டா, பசை சட்டத்திலேயே தங்கிடும்.

பிடோக்வாசி

எல்லாருக்கும் நன்றி. சாட்டின், கன்னம் வெள்ளை, இதெல்லாம் குறிச்சுக்கிட்டேன். ஹால் ஜன்னல் பக்கவாட்டில் தள்ளுற வகையா, கீலில் திறக்கிற வகையா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதி என்ன? வேலை முடிஞ்ச அன்னிக்கு எதைப் பரிசோதிக்கணும்?

அலுமினியக்காரன்

வீவக வீட்டில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகையாளரைத்தான் வெக்கணும். தரையிலிருந்து கூரை வரை போகிற ஜன்னலா இருந்தா வீவக அனுமதி வாங்கணும். நிறத்தையும் குத்தகையாளரிடம் முன்கூட்டியே உறுதி செய்துக்குங்க. கொண்டோவா (தனியார் அடுக்குமாடி) இருந்தா வெளித்தோற்றத்தை மாத்த நிர்வாகக் குழுவோட ஒப்புதல் வேணும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் கட்டடத்தின் நிறம்னு இரட்டை நிறப் பூச்சு அங்கே கைகொடுக்கும்.

2.4 மீட்டருக்குத் தள்ளு வகை எளிது. கதவு கழன்று விழாமல் தடுக்கும் ஸ்டாப்பரும் மேலே ஆங்கிள் பட்டையும் இருக்கான்னு பாருங்க. காத்து முழுசா வேணும்னா திறக்கிற வகை. அதில் கீலைச் சட்டத்தோடு பிணைக்கிற ரிவெட் ஆணி ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கிறது கட்டாயம். பழைய அலுமினிய ரிவெட் ஏன் தோத்ததுன்னா, பெரிய ஸ்டெயின்லெஸ் கீலோடு சின்ன அலுமினிய ரிவெட் ஈரத்தில் சேரும்போது மின்வேதி அரிப்பு முழுக்க அந்தச் சின்ன ரிவெட் மேலேயே விழும். காந்தம் வெச்சுப் பார்த்தா ஏமாந்துடுவீங்க, அலுமினியத்திலும் ஒட்டாது, 316இலும் கிட்டத்தட்ட ஒட்டாது. ரசீதில் ரகத்தை எழுதி வாங்குங்க.

பொருத்தும்போது ஓரத்துக்கு நியூட்ரல் சிலிக்கான்; புளிக்காடி நாத்தம் அடிச்சா அது வேற வகை, திருப்பி அனுப்புங்க. 2.4 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி ஏறினா 2 மிமீக்கு மேல நீளும், கறுப்பு தினமும் அப்படி நீண்டு சுருங்கும். அதனால சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் சிமெண்டை மட்டும் இறுக்கி நிரப்பாமல், வெளி விளிம்பில் தொடர்ச்சியா சிலிக்கான் கோடு போடணும். இல்லைன்னா மயிரிழை விரிசல் வரும், டிசம்பர் மழையில் தண்ணி அது வழியா உள்ளே வரும்.

அன்னிக்குச் செய்ய வேண்டிய சோதனை: கீழ்த்தடத்தில் ஒரு லிட்டர் தண்ணியை மெல்ல ஊத்துங்க. வடிதுளை வழியா வெளியே போகணும். தேங்கி நின்னா யாரோ துளையை சிலிக்கானால் அடைச்சிருக்காங்க. ஊத்துறதுக்கு முன்னாடி கீழ்வீட்டு மூங்கில் கம்பில் துணி காயுதான்னு எட்டிப் பார்த்துக்குங்க.