எல்லாரையும் வரவேற்கும் கடையைப் புறக்கணிக்கச் சொல்வது: மத உரிமையா, மிரட்டலா?

நெடுவழி:
1997 ஜூனில் அமெரிக்காவின் பெரிய கிறிஸ்தவச் சபைகளில் ஒன்றான தெற்கு பாப்டிஸ்ட் சபை டாலஸில் கூடி, டிஸ்னியைப் புறக்கணிக்கும்படி தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு என்னை உறுத்துகின்றன. தன்பாலீர்ப்பு கொண்ட ஊழியர்களின் துணைக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தது ஒன்று. ப்ளோரிடா பூங்காவில் 1991 முதல் வருடத்தில் ஒரு நாள் கே, லெஸ்பியன் மக்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூடுவதைத் தடுக்காமல் விட்டது இன்னொன்று. அந்த நாளை டிஸ்னி நடத்தவில்லை. வந்தவர்கள் எல்லாரையும் போல டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள், அவ்வளவுதான்.

எட்டு வருடம் கழித்து, 2005இல், புறக்கணிப்பை முடித்துக்கொண்டார்கள். காப்பீடு அப்படியேதான் இருந்தது.

தவறு செய்த கடைக்குப் போகாமல் இருப்பது நியாயம். இங்கே என்ன தவறு? யாரையும் வாசலில் நிறுத்தாததா?

மெழுகுவர்த்தி:
நான் சபைக்குப் போகிறவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் காசு என் மனசாட்சியோடு சேர்ந்ததுதான். சாராயம் விற்கிற கடையில் எதையும் வாங்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. 1955இல் அமெரிக்காவின் மான்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள், இருக்கையில் நிறம் பார்த்த பேருந்தைப் புறக்கணித்தபோது தேவாலயங்களில் கூடித்தான் முடிவெடுத்தார்கள். அதைப் போராட்டம் என்று புகழ்கிறோம். இதை மட்டும் மிரட்டல் என்பது சரியா சகோ? யாரையும் அடிக்கச் சொல்லவில்லையே, போகாதே என்றுதானே சொன்னார்கள்.

அல்லி:
மெழுகுவர்த்தி அண்ணா, மான்ட்கமரியை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அவர்கள் பேருந்தில் தங்களுக்கு உட்கார இடம் கேட்டுப் புறக்கணித்தார்கள். டிஸ்னி விஷயத்தில் கேட்டது என்ன? இன்னொருவருக்குக் கொடுத்த இடத்தைத் திருப்பி எடு என்று. கருவி ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் கதவைத் திறக்கத் தட்டுகிறார், இன்னொருவர் திறந்த கதவைச் சாத்தச் சொல்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நான் லெஸ்பியன். எட்டு வருடமாக ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறேன். ஒருமுறை பயணத்தில் ஒரு விடுதியில் அறை கேட்டோம். வரவேற்பு மேசையில் இருந்தவர் கட்டில் ஒன்றா இரண்டா என்று மூன்று தடவை கேட்டார். பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, அறையே இல்லை என்றார். ராத்திரி பதினோரு மணி. அன்றைக்கு எனக்குக் கொள்கை எதுவும் தேவைப்படவில்லை, படுக்க ஓர் இடம் தேவைப்பட்டது. எங்களை மற்றவர்களைப் போலவே நடத்தும் இடம் ஒன்று தெரிந்தால் அந்தப் பெயரை எங்களுக்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட இடத்தைத்தான் நீங்கள் புறக்கணிக்கச் சொல்கிறீர்கள்.

கல்லாப்பெட்டி:
கடையில் பதினான்கு வருடம் நின்றவன் நான். புறக்கணிப்பு என்று தலைவர்கள் அறிவிப்பார்கள், அடி விழுவது கல்லாவில் நிற்கிறவர்மேல். 2023 மே மாதம் அமெரிக்காவில் டார்கெட் கடைகள், தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் உள்ளிட்டோர் கொண்டாடும் ப்ரைடு மாதத்துக்கு வைத்த சில பொருட்களை எடுத்துவிட்டன. ஊழியர்களுக்கு மிரட்டல் வந்தது, அவர்கள் பாதுகாப்பு முக்கியம் என்று நிறுவனமே காரணம் சொன்னது. வாங்காமல் போவது ஒன்று. அடுக்கித் தருகிற பிள்ளையிடம் போய்க் கத்துவது வேறு. அந்தப் பிள்ளையா கொள்கையை வகுத்தது?

மெழுகுவர்த்தி:
கத்தியவர்களுக்காக நான் வாதாட வரவில்லை ஐயா. அது பாவம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அல்லி, உங்களுக்கு நடந்தது எனக்கு வருத்தம். ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. வட அயர்லாந்தில் ஒரு பேக்கரியில் 'கே திருமணத்தை ஆதரியுங்கள்' என்று எழுதி கேக் கேட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பம், மறுத்துவிட்டார்கள். வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் ஐந்து நீதிபதிகளும் பேக்கரி பக்கம் நின்றார்கள். அதுவரைக்கும் அந்தக் குடும்பம் வெறுப்பாளர்கள் என்ற பெயரைச் சுமந்தது. வரவேற்கிற கடைக்கு எதிர்ப்பு வந்தால் மதவெறி, மறுக்கிற கடைக்கு எதிர்ப்பு வந்தால் நீதியா?

நெடுவழி:
அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஏன் சரி என்பதைக் கொஞ்சம் பாருங்கள். கேட்டவர் கே என்பதற்காக அவர்கள் மறுக்கவில்லை. வேறு யார் கேட்டாலும் அந்த வாசகத்தை எழுதியிருக்க மாட்டார்கள். ஆளை மறுப்பது வேறு, வாசகத்தை மறுப்பது வேறு. அங்கே கோடு போட்டார்கள்.

அதே நீதிமன்றம் 2013இல் இன்னொரு வழக்கை முடித்தது. கார்ன்வாலில் விடுதி நடத்திய கிறிஸ்தவத் தம்பதி, சட்டப்படி இணையராகப் பதிந்திருந்த இரண்டு ஆண்களுக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்தார்கள். அங்கே விடுதிக்காரர்கள் தோற்றார்கள். இரண்டு வழக்கிலும் முதன்மைத் தீர்ப்பு எழுதியவர் ஒரே நீதிபதி, பிரெண்டா ஹேல். விடுதி வழக்கில் அவர் சொன்னதன் சாரம்: இந்த இரண்டு ஆண்களும் விடுதி நடத்தி, அந்தத் தம்பதியை அவர்கள் நம்பிக்கைக்காகத் திருப்பி அனுப்பியிருந்தால், அவர்களும் இதே கூண்டில்தான் நின்றிருப்பார்கள். உங்களைக் காப்பாற்றுகிற சட்டமும் அல்லியைக் காப்பாற்றுகிற சட்டமும் ஒன்றுதான் நண்பரே.

உறுதிமொழி:
எந்தச் சபையும் ஏற்காத ஒன்றை இத்தனை நீட்டிப் பேசுவது வீண். கடை நடத்துபவர் கடவுளுக்குப் பயந்து நடத்தட்டும்.

அல்லி:
எந்தச் சபையும் என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவின் யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் 2005 ஜூலையில், தன்பாலினத்தவர் திருமணத்துக்குச் சம உரிமை வேண்டும் என்று தன் பொதுப் பேரவையில் தீர்மானம் போட்டது. பாப்டிஸ்டுகள் டிஸ்னி புறக்கணிப்பைக் கைவிட்ட அதே வருடம். கடவுளுக்குப் பயந்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நானும் ஜெபம் செய்கிறவள்தான்.

மெழுகுவர்த்தி:
ராத்திரி முழுக்க இதையே யோசித்தேன். ஆளை மறுப்பது, வாசகத்தை மறுப்பது என்ற வேறுபாடு எனக்கு இதுவரை தெளிவாக இல்லை. சிவப்புச் சட்டை நாளைப் பற்றி நெடுவழி சொன்னதும் அப்புறம்தான் உறைத்தது. டிக்கெட் எடுத்தவரை உள்ளே விட்டதற்கு நான் எதிர்ப்புச் சொல்ல முடியாது. அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரு நிறுவனம் விளம்பரம் போட்டு, என் வேதம் சொல்வது தவறு என்று பேச ஆரம்பித்தால் நான் அங்கே வாங்க மாட்டேன். அந்த இடத்தில் என் கருத்து மாறவில்லை.

அல்லி:
விளம்பரம் பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள் அண்ணா, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் சபையில் புறக்கணிப்புத் துண்டறிக்கை வந்தால், அந்தக் கடை என்ன செய்தது என்று முதலில் படித்துப் பாருங்கள். எங்களை உள்ளே விட்டது மட்டும்தான் குற்றம் என்று அதில் இருந்தால், கையெழுத்துப் போடாதீர்கள்.

மெழுகுவர்த்தி:
படித்துவிட்டுத்தான் போடுவேன். அப்படி இருந்தால் போட மாட்டேன்.